உறுப்பும் அதன் பணியும்: நடுநிலை வகுப்புகளில் இலக்கிய உறுப்புகளின் மீள்பார்வை

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குரிய இலக்கிய உறுப்புகள் படிப்படியாக விரிகின்றன. மோனை, எதுகை, இயைபு ஆகியவற்றை அறிந்த மாணவர் இயல்பு நவிற்சி, உயர்வு நவிற்சி, உவமை, உருவகம் எனச் சென்று, பிறிதுமொழிதலையும் இரட்டுறமொழிதலையும் யாப்பின் அடிப்படையையும் அடைகின்றனர். தேர்வுக்கு முந்தைய மீள்பார்வையில் இவையனைத்தும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன: அணி விளக்கம், சான்று, அணிப்பொருத்தம். விரிவானக் கதைகளுக்கு வரும்போது இந்த அச்சும் கைவிடப்படுகிறது. கதைச் சுருக்கம் எழுதுவதே மீள்பார்வையாகிவிடுகிறது. ஆக, செய்யுளில் உறுப்பின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது. உரைநடையில் அதுவும் மிஞ்சுவதில்லை.

இக்கட்டுரையின் கருத்து இது: மீள்பார்வை உறுப்புகளின் பட்டியலைத் திரும்பச் சொல்வதாக இல்லாமல், முழுமையான ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, அதன் உறுப்பு ஒன்றை மாற்றினால் என்ன குலைகிறது என்று ஆராய்வதாக அமைய வேண்டும். அதற்கான வினாக்கள் தொல்காப்பியச் செய்யுளியலிலேயே உள்ளன.

செய்யுளியல் தொகுத்துரைக்கும் உறுப்புகள் 34. எதுகையும் மோனையும் அவற்றுள் தொடை என்னும் ஓர் உறுப்பில் அடங்கிவிடுகின்றன. உவமை இத்தொகுப்பில் இடம்பெறவில்லை. அதற்கு உவமவியல் என்னும் தனி இயல் உண்டு. நம் வகுப்பறைகள் அதிக நேரம் செலவிடும் பகுதி இத்தொகுப்பில் எவ்வளவு சிறிய இடம் பெறுகிறது என்பது கருதத்தக்கது. மறுபுறம், கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம் என ஏழு உறுப்புகள் அடுத்தடுத்து நிற்கின்றன. யார் பேசுகிறார், யாரிடம், எங்கே, எப்போது, எதற்காக, எவ்வுணர்வோடு, எதைச் சொல்லாமல் விட்டு? பன்னிரண்டு வயது மாணவருக்கும் இவ்வினாக்கள் எளியவை. முதிர்ந்த திறனாய்வாளருக்கும் இவை தீராதவை.

புறநானூற்றின் 112ஆம் பாடலை இவ்வினாக்களால் சோதிக்கலாம். பாரி மகளிர் பாடிய இக்கையறுநிலைப் பாடல் 5 அடிகளே கொண்டது. அன்றைய வெண்ணிலவில் தந்தை இருந்தார், குன்றைப் பிறர் கொள்ளவில்லை. இன்றைய வெண்ணிலவில் வேந்தர் குன்றைக் கொண்டனர், தந்தை இல்லை. பாடலின் செய்தி இவ்வளவே. வழக்கமான மீள்பார்வை இங்கே எதுகையை அடிக்கோடிட்டு நகரும். ஆனால் அன்றைக் குறிக்கும் முதற்சொல்லும் இன்றைக் குறிக்கும் முதற்சொல்லும் எதுகையால் பிணைந்திருப்பதால்தான் இரு காலங்களும் செவியில் எதிரெதிரே நிற்கின்றன. தொடை இங்கே காலத்துக்குப் பணி செய்கிறது.

அடுத்து, வரிசையை மாற்றிப் பார்க்கச் சொல்லலாம். முற்பகுதியில் தந்தை முதலிலும் குன்று பின்னும் வர, பிற்பகுதியில் குன்று முந்துகிறது. தந்தையின் இன்மை பாடலின் முடிவாகிறது. இதைத் திருப்பிவைத்தால், நாடிழந்த துயரம் முடிவிடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேந்தரின் வெற்றி முரசைப் பற்றிய அடைமொழியை நீக்கினால், பழைய உரை சுட்டும் இகழ்ச்சிக் குறிப்பு மறைந்துவிடும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. இப்பாடலில் மேலோங்குவது இழவா, இளிவா என்னும் விவாதத்தை மாணவரிடமே விடலாம். எவ்விடையைத் தேர்ந்தாலும் பாடலிலிருந்து சான்று காட்டியாக வேண்டும் என்பதே விதி.

உரைநடைக்குக் கி. ராஜநாராயணனின் ‘கதவு’ பொருந்தும். ஏழை வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக் கதவைப் பேருந்தாக்கி விளையாடுகின்றனர். தீர்வை பாக்கிக்காக அக்கதவு கழற்றிச் செல்லப்படுகிறது. இதே நிகழ்ச்சியைக் கதவைக் கழற்றிச் செல்லும் தலையாரியின் கூற்றாக எழுதச் சொன்னால், பெரும்பாலும் அது ஒரு வசூல் குறிப்பாகச் சுருங்கும். பிள்ளைகளின் உலகுக்கு அருகில் நின்று சொல்லும்போதுதான் கதவு ஒரே சமயத்தில் விளையாட்டுப் பொருளும் குடும்பத்தின் காப்பும் ஆகிறது. வறுமையைப் பற்றிய விரிவுரை இல்லாமலே வறுமை புலப்படுவது எச்சத்தின் வேலை என்பதை மாணவர் தாம் எழுதியதையும் மூலத்தையும் ஒப்பிட்டே காண முடியும்.

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். செய்யுளுக்கு வகுத்த உறுப்புகளைச் சிறுகதைக்கு ஏற்றுவது காலமுரண் என்பது ஒன்று. இதில் உண்மை உண்டு. கதைப்பின்னல், முரண், பாத்திர வளர்ச்சி ஆகியவற்றை இந்த ஏழும் முழுமையாகத் தழுவா. அவற்றைத் தனியே சேர்த்தாக வேண்டும். எனினும், சொல்பவர், கேட்பவர், இடம், காலம் இல்லாத கதை எதுவுமில்லை. கலைச்சொற்களை மாணவர் மேல் சுமத்த வேண்டியதில்லை. வினாக்களை மட்டும் கையளித்தால் போதும்.

வரையறை தெரியாமல் மதிப்பெண் பெற இயலாது என்பது மற்றொன்று. வரையறை தேவைதான், ஆனால் அது முதல் கற்பித்தலுக்கு உரியது. மீள்பார்வையிலும் அதையே திரும்பச் செய்தால், முதல்முறை புரியாத மாணவருக்கு இரண்டாம் முறையும் புதிய வழி எதுவும் திறப்பதில்லை. எதுகையை நீக்கிப் படித்து, பாடல் தளர்வதைக் கேட்ட மாணவர் அதன் வரையறையைக் காரணத்தோடு நினைவில் கொள்வார்.

இம்முறை நிலைக்க வேண்டுமானால் வினாத்தாளும் உடன் மாற வேண்டும். பயின்றுவரும் அணியைச் சுட்டி விளக்கக் கேட்கும் வினாவை நீக்க வேண்டியதில்லை. அதனோடு ஒவ்வொரு இயலுக்கும் ஒரு வினாவைச் சேர்க்கலாம்: இப்படைப்பில் சொல்பவரையோ களத்தையோ நிகழ்ச்சி வரிசையையோ மாற்றுக, பொருளில் நேரும் வேறுபாட்டைச் சான்றுடன் எழுதுக. இதற்கு ஒரே சரியான விடை இல்லாததால், சொல்லப்படும் காரணத்துக்கே மதிப்பெண் வழங்க ஆசிரியருக்குப் பயிற்சி தேவைப்படும். சீர்திருத்தத்தின் கடினமான பகுதி அதுவே. பயிற்சித் திட்டங்கள் முதலில் கவனிக்க வேண்டியதும் அதையே.