விளையாட்டும் செயல்வழிச் சிகிச்சையும்: காரைக்கால் கரையை முன்வைத்து

“பிள்ளைய வெளையாட விட்டுட்டு அதுக்கு ஃபீஸ் வாங்குறாங்க.” வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தையைச் சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு அலையும் பெற்றோர் ஏதாவது ஒரு கட்டத்தில் இப்படிச் சலித்துக்கொள்வதுண்டு. பிசியோதெரபி என்றால் கை காலை நீட்டி மடக்குவார்கள், ஸ்பீச் தெரபி என்றால் பேச வைப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சையில் கண்ணுக்குத் தெரிவதோ பந்தும் ஊஞ்சலும் பாசிமணி கோப்பதும்தான். பெற்றோரின் சலிப்பை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது துறையினருக்கு வழக்கம். அப்படி ஒதுக்கத் தக்கதல்ல அது. விளையாட்டு என்பது மருந்தை விழுங்க வைப்பதற்குத் தடவும் தேன் மட்டும்தானா, இல்லை மருந்தே அதுதானா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. துறைக்குள்ளேயே இதற்கு ஒருமித்த விடை கிடையாது.

மருந்தே விளையாட்டுதான் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதை ஒப்புக்கொண்டால் ஒரு நடைமுறை விளைவையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். காரைக்கால் போன்ற ஒரு வட்டாரத்தில் சிகிச்சையின் மையம் கருவிகள் நிறைந்த அறையை விட்டு அங்கன்வாடிக்கும் வீட்டு முற்றத்துக்கும் நகர வேண்டும். செலவு குறையும் என்பது இதற்குக் காரணமல்ல. ஆய்வுச் சான்றுகள் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன.

இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்காவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட கமலா நிம்ப்கர். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950-இல் அவர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1952-இல் அகில இந்தியச் செயல்வழிச் சிகிச்சையாளர் சங்கம் உருவாயிற்று. நோயாலோ விபத்தாலோ முடங்கியவர் மீண்டும் தம் அன்றாடச் செயல்களைத் தாமே செய்துகொள்ள வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை நோக்கம். பெரியவருக்கு அது வேலை, சமையல், குளியல். மூன்று வயதுக் குழந்தையின் அன்றாடச் செயல் எது? அமெரிக்க அறிஞர் மேரி ரைலி 1974-இல் வெளியிட்ட நூலில் விளையாட்டை ஆராய்ந்தறியும் கற்றலாகவே வரையறுத்து இதற்கு விடை தேடினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஜீன் அயர்ஸ், புலனுணர்வுகளை மூளை ஒன்றுசேர்ப்பதைப் பற்றிய புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை நூலாக்கியிருந்தார். இன்று சென்னை முதல் சிறு நகரங்கள் வரை ‘தெரபி சென்டர்’ என்ற பெயரில் நாம் காணும் அறைகள், கூரையிலிருந்து தொங்கும் ஊஞ்சலும் பந்துக் குளமுமாக, பெரிதும் அயர்ஸ் வழி வந்தவை. ரைலியின் கேள்வி பின்தள்ளப்பட்டு அயர்ஸின் கருவிகள் மட்டும் கடை பரப்பிக்கொண்டன என்பது என் கணிப்பு.

சான்றுகளைப் பார்ப்போம். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சைகளை ஆஸ்திரேலியாவின் ஐயோனா நோவாக் குழுவினர் 2013-இல் தொகுத்து ஆராய்ந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்தனர். குழந்தைக்குத் தேவையான ஒரு செயலை இலக்காக வைத்துச் செய்யும் பயிற்சி, பெற்றோர் கையில் கொடுக்கும் வீட்டுப் பயிற்சித் திட்டம், நல்ல கையைக் கட்டுப்படுத்தி வாதமுள்ள கைக்கு வேலை தருவது ஆகியவை பச்சையில் வந்தன. புலன் ஒருங்கிணைப்பு வரவில்லை. ஆட்டிசத்தில் நிலைமை வேறு. ரோசன் ஷாஃப் குழுவினர் 2014-இல் 32 குழந்தைகளிடம் நடத்திய சோதனையில், புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை பெற்றவர்கள் பெற்றோருடன் சேர்ந்து வகுத்த இலக்குகளில் கூடுதலாக முன்னேறினார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றலாம். ஆனால் இரண்டு இடத்திலும் பயன் தெரிந்தது எங்கே என்று பாருங்கள்: தட்டு பிடிப்பது, சட்டை போடுவது, தம்பியோடு விளையாடுவது என்று வீட்டிலிருந்து எடுத்த இலக்கை நோக்கிக் குழந்தையே முனைந்து செய்தபோதுதான். ஊஞ்சலுக்குத் தனியாக மந்திர சக்தி கிடையாது.

விளையாட்டை விளையாட்டாக்குவது எது என்பதற்குச் செயல்வழிச் சிகிச்சை ஆய்வாளர் அனிதா பண்டியின் அளவுகோல் எளிமையானது. குழந்தை தானே விரும்பிச் செய்கிறதா, அடுத்து என்ன என்பதைத் தானே முடிவு செய்கிறதா, நிஜத்தைச் சற்றே ஒதுக்கிவைக்கும் உரிமை அதற்கு இருக்கிறதா, ‘இது விளையாட்டு’ என்ற குறிப்பை எதிரில் இருப்பவருக்குக் காட்டவும் அவர் காட்டுவதைப் புரிந்துகொள்ளவும் செய்கிறதா என்று அது கேட்கிறது. இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால், “பத்து மணி கோத்து முடி, அப்புறம்தான் வண்டி” என்று சிகிச்சையாளர் சொன்ன மாத்திரத்தில் அது விளையாட்டாக இருப்பது நின்றுபோகிறது. பொம்மையை வைத்துக்கொண்டு வாங்கும் வேலை அது. பெற்றோரின் சலிப்புக்கு இங்கே நியாயம் உண்டு.

ஒரு விளையாட்டைக் கூர்ந்து பார்க்கலாம். பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். ஒரு குழியின் புளியங்கொட்டைகளை வாரி உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொன்றாக அடுத்தடுத்த குழிகளில் போட்டுக்கொண்டே போக வேண்டும். மொத்தமாக அள்ளுவது ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் வரும். மூடிய கைக்குள்ளிருந்து ஒரே ஒரு கொட்டையைக் கட்டைவிரலால் தள்ளி விரல்நுனிக்குக் கொண்டுவந்து, மற்றவை சிந்தாமல் பிடித்துக்கொள்வதுதான் கடினம். கைக்குள்ளேயே பொருளை நகர்த்தும் இத்திறன்களைச் செயல்வழிச் சிகிச்சை ஆய்வாளர் சார்லட் எக்ஸ்னர் வகைப்படுத்திக் காட்டினார். உள்ளங்கையிலிருந்து விரல்நுனிக்கு வருவது அவற்றில் அரிய படி. சட்டைப் பொத்தான் போடுவதற்கும் பென்சில் பிடிப்பதற்கும் சில்லறை எண்ணுவதற்கும் அடிப்படை அதுவே. அத்துடன் குழிக்கு ஒன்று என்ற எண்ணிக்கை, எதிராளியின் முறை வரும்வரை பொறுத்திருத்தல், நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று கண்டுபிடித்து எடுக்கும் கவனம்.

வலப்பக்க வாதமுள்ள ஆறு வயதுக் குழந்தை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதலில் வலக்கையின் வேலை பலகையை அசையாமல் பிடிப்பது மட்டும். பிறகு ஏழு குழிகளில் மட்டும், கொட்டைக்குப் பதில் பெரிய சோழிகளால் ஆட்டம். கையில் ஒரு நேரத்தில் இரண்டே சோழி. அது கைவந்ததும் மூன்று, அப்புறம் புளியங்கொட்டை. பலகையைத் தரையில் வைத்தால் ஒருபக்கமாக உட்கார்ந்து உடலைத் தாங்கும் பயிற்சி. திண்ணையில் வைத்தால் நின்றுகொண்டே ஆடும் பயிற்சி. சிகிச்சையாளரின் படிப்பு வெளிப்படும் இடம் இந்தப் படிப்படியான மாற்றம்தான். எளிதாக இருந்தால் குழந்தைக்கு அலுத்துவிடும், கடினமாக இருந்தால் எழுந்து போய்விடும். நடுவிலுள்ள அந்த அளவைக் கண்டுபிடிப்பதற்குத்தான் ஃபீஸ், விளையாட விடுவதற்கல்ல. (மூன்று வயதுக்குக் கீழே கொட்டை கொடுக்கக் கூடாது. மூக்கில் போட்டுக்கொண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்னவென்று எந்த அங்கன்வாடி ஆயாவைக் கேட்டாலும் சொல்வார்.)

கடற்கரை ஊருக்கு மணல் இயல்பான விளையாட்டுப் பொருள். சேக்கிழார், காரைக்கால் அம்மையாரான புனிதவதியாரின் இளமையைப் பாடும்போது அவர் மணல்வீடு கட்டி ஆடிய வண்டல் விளையாட்டையும், அதிலெல்லாம் இறைவனைப் பற்றிய பேச்சே கலந்து வந்ததையும் சொல்கிறார். ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்குக் கூடும் ஊர், மாம்பழத்தை நினைவில் வைத்த அளவுக்கு மணல்வீட்டை வைக்கவில்லை. குழந்தையின் மனத்தில் எது நிறைந்திருக்கிறதோ அதுவே அதன் பாவனை விளையாட்டுக்குக் கருவாகும் என்பதை அந்த இடம் காட்டுகிறது. பட்டினச்சேரியிலோ கிளிஞ்சல்மேட்டிலோ வளரும் பிள்ளை மணலில் படகு செய்யும், வலை இழுக்கும், மீன் ஏலம் விடும். பேச்சு பின்தங்கிய குழந்தையோடு ஏல விளையாட்டு ஆடிப் பாருங்கள்: கூவ வேண்டும், எதிரே இருப்பவர் விலை சொல்லும்வரை காத்திருக்க வேண்டும், கூடையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். இறக்குமதிப் பொம்மைச் சமையலறை இவ்வளவு பேச்சை வரவழைக்காது.

ஆனால் எல்லாக் குழந்தைக்கும் மணல் இனிக்காது. தொடுவுணர்வு மிகையாக உள்ள குழந்தை ஈர மணலில் கால் பட்டதும் கத்தும். ‘பழகிக்கும்’ என்று கையைப் பிடித்து மணலில் அழுத்துவது சிகிச்சையல்ல, கொடுமை. அந்தக் குழந்தைக்குக் கொட்டாங்குச்சியும் கரண்டியும் கொடுத்து, உலர்ந்த மணலை அள்ளிக் கொட்ட விட்டு, எப்போது கை வைப்பது என்பதை அதனிடமே விட்டுவிட வேண்டும்.

நாட்டார் விளையாட்டெல்லாம் சிகிச்சையே என்று பெருமை பேசுவோர் இப்போது அதிகம். பிள்ளைத்தமிழையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். ஐந்தாம் மாதச் செங்கீரையில் கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது, ஒன்பதாம் மாதச் சப்பாணியில் கைகொட்டுவது, பின்னர் நடந்து வருவது, நிலவைச் சுட்டி அழைப்பது, சிற்றில், சிறுதேர் என்ற வரிசை குழந்தையைக் கூர்ந்து கவனித்தவர்கள் வகுத்தது என்பதில் ஐயமில்லை. அம்புலிப் பருவத்தில் தாயும் சேயும் ஒரே பொருளை நோக்குவதைத்தான் ஆட்டிசக் கண்டறிதலில் இன்று முக்கியமாகத் தேடுகிறார்கள். ஆயினும் பாட்டுடைத் தலைவன் ஒரு பருவத்திலும் பின்தங்குவதில்லை. செங்கீரை ஆடாத குழந்தைக்கு அந்த இலக்கியத்தில் இடமில்லை. மரபு விளையாட்டைக் கொடுத்தது. எட்டாத குழந்தைக்கு அதை எட்டும்படி வளைத்துக் கொடுக்கும் கலை இருபதாம் நூற்றாண்டில் வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

இனி நிலவியல். நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள் சூழ, கிழக்கே கடலோடு, சுமார் 160 சதுர கிலோமீட்டரில் ஒடுங்கிய நிலம் காரைக்கால். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டு லட்சம். தலைநகர் புதுச்சேரிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஜிப்மர் தன் கிளை மருத்துவக் கல்லூரியை 2016-இல் இங்கே தொடங்கியது பெரிய வரவுதான். என்றாலும் வளர்ச்சிச் சிகிச்சை ஒரு நாளில் முடியும் அறுவை அல்ல. வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியது. பக்கத்து ஊரான நாகப்பட்டினம் வேறு மாநிலம். மாநிலத் திட்டங்கள் ரேஷன் கார்டின் முகவரியைப் பார்த்தே கதவைத் திறக்கும். விடியலில் மீன் விற்கப் போகும் தாய், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, வளைகுடாவிலோ பிரான்சிலோ இருக்கும் தகப்பன் என்றுள்ள வீட்டில் பஸ் ஏறி வாரம் மூன்று முறை சென்டருக்குப் போவது யார்? சுனாமிக்குப் பின் கட்டிய குடியிருப்புகளுக்கு மணல் விளையாடும் கடற்கரையும் தள்ளிப்போய்விட்டது.

வேறு வழியிருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. தண்டுவடக் காயத்தால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், சமூக மறுவாழ்வுப் பணியாளர்களைப் பயிற்றுவித்துக் கிராமத்து வீடுகளுக்கு அனுப்புகிறது. அவர்கள் குழந்தைக்குச் செய்வதைவிடப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பதே அதிகம். செயல்வழிச் சிகிச்சையாளர் உள்ளிட்ட வல்லுநர் குழு கைப்பேசிச் செயலி வழியாக மேற்பார்வையிடுகிறது. நோவாக் தொகுப்பில் பச்சையில் வந்த வீட்டுப் பயிற்சித் திட்டத்தின் உள்ளூர் வடிவம் இது.

காரைக்காலுக்கு இதைப் பொருத்துவது கடினமல்ல. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். வாரத்தில் ஒன்றுக்கு ஒரு நாள் என்று ஒரே சிகிச்சையாளரால் சுற்றிவர முடியும். தேசியக் குழந்தைநலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. 2013 முதல் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வகை செய்கிறது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை அங்கன்வாடிக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும் நெறிமுறையை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. கண்டறிவதற்கும் சேர்ப்பதற்கும் ஏட்டளவில் வழி இருக்கிறது; சேர்த்த பின் அந்தக் குழந்தை பல்லாங்குழிப் பலகைக்கு முன்னால் உட்காருமா, ஓரத்தில் உட்காருமா என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் சலுகைகளுக்கு வரம்பாக வைத்த நாற்பது விழுக்காட்டுக் கணக்கிலும் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

ஒரு மறுப்பு மட்டும் எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. அங்கன்வாடி ஊழியர் ஏற்கெனவே எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, போஷன் டிராக்கர் செயலியில் பதிந்து களைத்திருக்கிறார். இதையும் அவர் தலையில் கட்டினால் விளையாட்டு இன்னொரு பதிவேடாகிவிடும். ஆகவே ஆய்க்குடியைப் போலக் கொம்யூனுக்கு ஒருவராகச் சம்பளத்தோடு தனிப் பணியாளர் வேண்டும். அவர் மாதந்தோறும் எழுதும் குறிப்பில் கை எவ்வளவு மடங்குகிறது என்பதோடு, இந்த மாதம் குழந்தை யாரோடு என்ன விளையாடியது, அதைத் தேர்ந்தெடுத்தது யார் என்ற இரண்டு கேள்விகளும் இருக்க வேண்டும்.