கோரை (களை)

சைப்பரேசியே குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுக் களை; தாவரவியல் பெயர் சைப்பரஸ் ரொட்டண்டஸ். பார்வைக்குப் புல் போலிருந்தாலும் முக்கோணத் தண்டு இதைக் காட்டிக்கொடுத்துவிடும். உலகின் கொடிய களைகள் குறித்து லீராய் ஹோம் குழுவினர் 1977இல் வெளியிட்ட நூல் இதற்கே முதலிடம் தந்தது. மண்ணுக்கடியில் கிழங்குகளைச் சங்கிலியாகக் கோத்தபடி பரவும். இழுத்துப் பிடுங்கினால் தழை மட்டுமே கையோடு வரும். சங்கிலி அறுந்ததும், உறங்கிக் கிடந்த கிழங்குகள் முளைவிடும்.

கட்டுப்படுத்தல்: தோட்டத்தில் ஆழக் கொத்திக் கிழங்குகளைப் பொறுக்குதல், கோடையில் மண்ணைப் புரட்டி வெயிலில் காயவிடுதல், துளிர்க்கும்போதெல்லாம் அகற்றிக் கிழங்கின் சேமிப்பைக் கரைத்தல் ஆகியவை பயன்தரும். கோரை நிழலைத் தாங்காததால், அடர்ந்து வளரும் பயிர் இதை ஒடுக்கும். மெல்லிய பிளாஸ்டிக் மூடாக்கைத் துளிர் குத்திக் கிழித்துவிடும். புல்வெளிகளில் கோரையைத் தாக்கும் ஹாலோசல்ஃபியூரான் மீத்தைல் என்ற களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. பெரும்பாலும் ஒருமுறை தெளித்தால் போதாது.