ஆலோசனை யாருக்கு? கொல்லிமலையை முன்வைத்து ஒரு விவாதம்

2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒரு வழக்கில் தீர்ப்பு எழுதுமுன் தாமே ஓர் உளவியலாளரிடம் பாடம் கேட்க விரும்புவதாகப் பதிவு செய்தார். ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு இளம்பெண்கள், பெற்றோர் கொடுத்த 'காணவில்லை' புகார்களை வைத்துக் காவல்துறை தங்களைத் தொந்தரவு செய்யாதிருக்கப் பாதுகாப்புக் கேட்ட வழக்கு அது. ஜூன் 7 அன்று பிறந்த ஆணை, தன்பால் ஈர்ப்பை மருத்துவத்தால் 'மாற்ற' முயல்வதைத் தடை செய்தது. மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அம்முயற்சியைத் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது. இவ்வழக்கின் சட்டப் பயன் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. மனநலத் துறைக்கு அதில் வேறொரு பாடம் உண்டு. வழக்கில் ஆலோசகராக இருந்த அந்த உளவியலாளர் பெண்களிடம் பேசினார். தங்கள் உறவைப் பற்றி அவர்களுக்குத் தெளிவு இருந்தது. பெற்றோரிடம் பேசினார், ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமும் மகள்களின் பாதுகாப்பு பற்றிய கவலையும் அங்கே இருந்தன. பிறகு நீதிபதியிடம் பேசினார். தெளிவு தேவைப்பட்டது சுற்றியிருந்தவர்களுக்கே.

இது அந்த ஒரு வழக்குக்கு மட்டும் உரிய நிலைமை அன்று. பால்புதுமை (குயர்) இளைஞரின் மனச்சோர்வுக்கு வேர் அவருடைய ஈர்ப்பில் இல்லை. ஏச்சும், ஏச்சு வருமோ என்ற எதிர்பார்ப்பும், ஓயாமல் மறைத்து வாழ்வதும் சேர்ந்து ஏற்றும் அழுத்தத்தில் இருக்கிறது என்று ஆய்வாளர் இலான் மேயர் 2003இல் விரித்துக் காட்டினார். கெயிட்லின் ரயானும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 224 இளைஞர்களைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பம் கடுமையாக ஒதுக்கியவர்களிடையே தற்கொலை முயற்சி, ஒதுக்கல் குறைவாக இருந்தவர்களைவிட 8 மடங்குக்கு மேல் இருந்தது. அந்த எண்ணை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் கோளாறு எந்தப் பக்கம் என்று அறிய அது போதும். ஆகவே ஆதரவு பிள்ளையிடம் அல்ல, பிள்ளையைச் சுற்றியுள்ள பெரியவர்களிடம் தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

நகரத்தில் இதற்கு அவசரம் குறைவு. வீட்டில் இடமில்லாத பிள்ளைக்குச் சென்னையில் ஓர் அமைப்போ தோழமையோ கிடைத்துவிடக்கூடும். கொல்லிமலை அப்படியல்ல. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் மலைமேலுள்ள சோளக்காடு. மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மனநல மருத்துவரைப் பார்க்க நாமக்கல்லுக்கு இறங்கும் பதினேழு வயதுப் பையன் பேருந்தில் ஏறும்போதே, "எங்கப்பா கிளம்பிட்ட?" என்று கேட்க மாமனோ சித்தப்பாவோ ஒருவர் இருப்பார். உறவுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊரில், மருத்துவரின் அறைக்கதவை மூடினால் மட்டும் ரகசியம் காக்கப்படுவதில்லை. மலையை விட்டே போய்விடலாம் என்றால், மிளகும் காபியும் விளையும் நிலம், குலதெய்வம், உறவுமுறை எல்லாவற்றையும் ஒருசேர விட வேண்டும். எனவே உதவி, பிள்ளை தினமும் பார்க்கிற மனிதர்களிடமிருந்தே வந்தாக வேண்டும்: உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர், விடுதிக் காப்பாளர், கிராம சுகாதாரச் செவிலியர்.

இதெல்லாம் நகரத்துச் சங்கதி, மலையில் அப்படிப்பட்ட பிள்ளைகள் ஏது என்பார்கள். வாய் திறந்தால் அடி விழும் இடத்தில் நிலவும் மௌனத்தை யாரும் கணக்கெடுப்பாகக் கொள்ள முடியாது. அந்த அடிக்கு நீதிமன்றப் பதிவே உண்டு. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு முடித்துவைத்த ஆட்கொணர்வு வழக்கு வேலூர் மாவட்டக் காவல்துறை தொடர்பானது. பிறந்த வீட்டார் தன்னை அடித்ததாகவும், 'சரியாக்க' சடங்குகள் செய்ததாகவும் தன்பால் ஈர்ப்புள்ள 25 வயதுப் பெண் அதில் சொன்னார். அவரை விரும்பியபடி போகவிட்ட நீதிமன்றம், ஒருவர் தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பத்தையும் ஏற்றது. இதில் என்னை உறுத்துவது அந்தச் சடங்குதான். மருத்துவ ஆணையத்தின் தடை பூசாரியைத் தொடாது. மந்திரித்துக் கயிறு கட்டுவதே முதல் வைத்தியமாக இருக்கும் ஊரில், ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரையும் பூசாரியையும் விட்டுவிட்டு மருத்துவரை மட்டும் திருத்துவது பாதி வேலை.

பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்பது இன்னொரு மறுப்பு. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி என்சிஇஆர்டி 2021இல் வெளியிட்ட கையேடு, எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் இணையத்திலிருந்து மறைந்தது. அது ஆசிரியர்களுக்கான கையேடு. வகுப்பில் ஒருவனைப் 'பொட்ட' என்று மற்றவர்கள் கூவும்போது என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர் அறிந்துகொள்வதால் எவருடைய ஈர்ப்பும் மாறாது, கூச்சல் வேண்டுமானால் அடங்கும். 2021 ஆணையும் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியாகப் பெற்றோருக்குப் புரியவைக்கச் சொன்னதே ஒழிய, பாடத்தைப் பிள்ளைகள்மேல் மட்டும் சுமத்தவில்லை.

எனக்கு வலுவாகப் படுகிற மறுப்பு வேறு. நெருக்கமான ஊரில் பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால், யார் எப்படி என்று கண்டுபிடித்து வீட்டுக்குச் சொல்வதற்கே அது பயன்படாதா? பயன்படலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கும் கடமையை மருத்துவப் பணியாளர்மீது வைக்கிறது. விடுதிக் காப்பாளர் அதற்குள் வரமாட்டார். எனவே பயிற்சிக்கு முன்பே, மாணவரின் சம்மதமின்றி அவருடைய ஈர்ப்பைப் பற்றி எவரிடமும் சொல்லக் கூடாது என்ற எழுத்துப்பூர்வ விதியை ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை கொண்டுவர வேண்டும். முன்மாதிரி இல்லாமல் இல்லை: 2022இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளைத் திருத்தி, பால்புதுமையரைத் துன்புறுத்துவதைத் தடுத்தது. 14416 என்ற டெலிமனாஸ் இலவச மனநல உதவி எண்ணும் 2022 முதல் இருக்கிறது. ஆனால் கைப்பேசி அனுமதிக்கப்படாத விடுதியில் அந்த எண்ணை அழுத்தக் காப்பாளரின் கைப்பேசியைத்தான் கேட்க வேண்டும். யாரோடு பேசப் போகிறாய் என்று அவர் கேட்காமல் கொடுத்தால்தான் அந்த எண்ணால் பயன்.