இலவச மென்பொருளுக்கு காசு எங்கிருந்து வருது? 'ஆட்-ஆன்' விற்பனை பின்னணி என்ன?

திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் ஆன்லைனிலும் விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இணையதளம் அமைக்க வேர்ட்பிரஸ் இலவசம். அதில் கடை நடத்த வூகாமர்ஸும் இலவசம். ஆனால் கூடுதலாக ஏதாவது வசதி தேடினால், 'புரோ வெர்ஷன் வாங்குங்க' என்று வந்து நிற்கிறது. ஃப்ரீன்னு சொல்லிட்டு காசு கேட்கிறாங்களே, இது ஏமாற்று வேலையா?

இல்லை. அந்தக் காசுதான் பல இலவச மென்பொருள்களை உயிரோடு வைத்திருக்கிறது.

ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன?

மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். வேர்ட்பிரஸ் 2003 முதல் இப்படித்தான் வெளிவருகிறது. இன்று உலகின் 40 சதவீதத்துக்கும் அதிகமான இணையதளங்கள் அதில் இயங்குகின்றன. அதன் ஜிபிஎல் உரிமம், 'விற்கக்கூடாது' என்று சொல்வதில்லை; 'வாங்கியவரின் சுதந்திரத்தைப் பறிக்கக்கூடாது' என்றுதான் சொல்கிறது.

திருச்சியிலும் ஒரு உதாரணம் இருக்கு

துவாக்குடி அருகே உள்ள என்.ஐ.டி. திருச்சியின் 'டெல்டா' மாணவர் குழு, 'பிரக்யான் சி.எம்.எஸ்.' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை உருவாக்கியது. கல்லூரியின் இணையதளமே அதில் இயங்கியது. ஆனால் எழுதிய மாணவர்கள் படிப்பு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். அடுத்த பேட்ச் பொறுப்பேற்றால்தான் வண்டி ஓடும். கல்லூரிக்கு வெளியே அப்படி ஆண்டுதோறும் புது ஆட்கள் வரமாட்டார்கள். பிழை திருத்தவும் பாதுகாப்பு ஓட்டையை அடைக்கவும் யாருக்காவது சம்பளம் கொடுத்தே ஆகணும்.

காசு வரும் 3 வழிகள்

ஸ்ரீரங்கம் கோயிலில் பொது தரிசனத்துக்குக் கட்டணம் இல்லை. சிறப்பு தரிசனத்துக்கு உண்டு. இரண்டு வரிசையிலும் தெரிவது ஒரே ரங்கநாதர்தான். ஆட்-ஆன் வியாபாரமும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான்.

1. புரோ பதிப்பு: வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வ பிளகின் பட்டியலில், காசு கட்டினால் மட்டுமே திறக்கும் பூட்டு போட அனுமதியில்லை. அதனால் அடிப்படை பிளகினை அங்கே இலவசமாகத் தந்துவிட்டு, கூடுதல் வசதியை நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தளத்தில் விற்கின்றன.

2. சந்தை: பெல்ஜியத்தின் 'ஓடூ' கணக்கு, சரக்கிருப்பு மென்பொருளில் கம்யூனிட்டி பதிப்பு இலவசம், என்டர்பிரைஸ் பதிப்புக்குக் கட்டணம். அதன் ஆப் சந்தையில் வெளியாட்களும் தாங்கள் எழுதிய ஆப்களை விற்கலாம். விற்பனையில் ஒரு பங்கு ஓடூவுக்குப் போகும்.

3. சேவைக் கட்டணம்: மும்பை 'ஃப்ராப்பே' நிறுவனத்தின் 'ஈஆர்பி நெக்ஸ்ட்' முழுசாகவே இலவசம். சர்வரில் ஏற்றிப் பராமரித்துத் தருவதற்குத்தான் காசு. இதனுடன் சேரும் 'இந்தியா கம்ப்ளையன்ஸ்' என்ற ஜி.எஸ்.டி. ஆப்பின் நிரலும் இலவசமே. ஆனால் இ-இன்வாய்ஸ், இ-வே பில்லை அதன் வழியாக நேரடியாக எடுக்க கிரெடிட் வாங்கணும்.

சிக்கல் எங்கே?

கண்ணுக்குத் தெரியும் வசதியை விற்கலாம். அடியில் கிடக்கும் அஸ்திவாரத்தை யார் வாங்குவார்கள்? 2014-ல் 'ஹார்ட்பிளீட்' என்ற பாதுகாப்பு ஓட்டை உலகையே உலுக்கியது. அது இருந்த 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' மென்பொருளை எண்ணற்ற இணையதளங்கள் நம்பியிருந்தன. ஆனால் அதற்கு அதுவரை ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான்!

இந்த இடைவெளியை நிரப்பத்தான் பெங்களூரு ஜெரோதா நிறுவனம், 2024 அக்டோபரில் 'ஃப்ளாஸ் ஃபண்ட்' நிதியை அறிவித்தது. உலகெங்கும் உள்ள ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தரும் திட்டம் இது.

ஆட்-ஆன் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* கடைசியாக எப்போது அப்டேட் வந்தது? பல மாதமாக வரவில்லை என்றால் யோசிங்க.

* சந்தா முடிந்தால் ஆட்-ஆன் நின்றுவிடுமா, இல்லை அப்டேட் மட்டும்தான் நிற்குமா?

* உங்கள் பில், வாடிக்கையாளர் விவரங்களை வெளியே எடுத்துக்கொள்ள வழி இருக்கா?

* புரோ பிளகினை 'ஃப்ரீ டவுன்லோட்' என்று தரும் மூன்றாம் நபர் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம். உள்ளே தீங்கு நிரல் ஒளிந்திருந்தால், வாடிக்கையாளர்களின் போன் எண், முகவரி வரை திருட்டுப் போகலாம்.

காசு கொடுக்க முடியாதவர்களும் உதவலாம். கண்ணில் பட்ட பிழையை உருவாக்கியவர்களுக்கு எழுதி அனுப்பலாம். தமிழாக்கத்தில் கை கொடுக்கலாம். வேர்ட்பிரஸைத் தமிழில் தந்ததும் தன்னார்வலர்கள்தான்.