டெரெக் கிளேட்டன்

டெரெக் கிளேட்டன் (பிறப்பு: 1942, பாரோ-இன்-ஃபர்னஸ், இங்கிலாந்து) ஆஸ்திரேலிய மாரத்தான் வீரர். 1967 டிசம்பரில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் 2 மணி 9 நிமிடம் 36 விநாடியில் ஓடி முடித்தார். 2 மணி 10 நிமிட எல்லையைத் தாண்டிய முதல் மனிதர் அவரே. பழைய உலகச் சாதனையிலிருந்து இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஒரே ஓட்டத்தில் குறைந்தது பெரும் பாய்ச்சல். 1969இல் ஆன்ட்வெர்ப்பில் அதையும் 2:08:33 ஆக்கினார். அந்தப் பாதையின் நீளம் குறித்துச் சர்ச்சை உண்டு; ஆனால் ஃபுகுவோகா ஓட்டமே அவர் தகுதிக்குப் போதிய சான்று.

வாரத்துக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் கடும் பயிற்சி வேகத்தைத் தந்தது. காயங்களையும் அறுவைச் சிகிச்சைகளையும் சேர்த்தே தந்தது. ஒலிம்பிக்கில் பதக்கம் கிட்டவில்லை: 1968இல் மெக்சிகோ நகரின் உயரமான நிலத்தில் ஏழாமிடம், 1972 மியூனிக்கில் பதின்மூன்றாமிடம். அவரது ஆன்ட்வெர்ப் நேரம் 1981 வரை முறியடிக்கப்படவில்லை.