அடைப்பின் அளவும் மரணத்தின் வேகமும்: மாரடைப்பு பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

நாற்பதுகளில் இருக்கும் ஒருவர் மாரடைப்பில் இறந்துவிட்டால் துக்க வீட்டுப் பந்தலில் இரண்டு பேச்சுகள் தவறாமல் எழும். ‘நேத்து ராத்திரிகூட நல்லாத்தானே பேசிட்டிருந்தார்’ என்பது ஒன்று. ‘எத்தனை பர்சென்ட் பிளாக்காம்?’ என்பது மற்றொன்று. முதல் பேச்சில் உள்ள திகைப்பு இரண்டரை நூற்றாண்டாக மருத்துவர்களையும் குடைந்துவருவது. இரண்டாவது கேள்வி அவ்வளவு பழையதல்ல. 1958இல் கிடைத்த ஒரு நுட்பத்தோடு வந்தது. திடகாத்திரமானவர் ஏன் திடீரென்று சாய்கிறார் என்பதற்கு அந்தச் சதவீதக் கணக்கு முழு விடை தராது என்பது 1980களிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் வீட்டுப் பேச்சிலும் ‘மாஸ்டர் செக்கப்’ விளம்பரங்களிலும் இன்றுவரை அதுதான் ஆட்சி செய்கிறது. இந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எல்லை ஒன்றை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டுத் திடலில் விழும் இருபது வயது வீரர்கள் பலருக்குக் காரணம் இதயத் தசையின் மிகைத் தடிப்பு போன்ற மரபுக் கோளாறுகள். லண்டன் நோயியலர் டொனால்ட் டியர் 1958இல் இதைத் தெளிவாக விவரித்தார். 2021 ஜூனில் கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்து பிழைத்தாரே, அது இதயத்துடிப்பு நின்றுபோன நிகழ்வு, மாரடைப்பு அல்ல. இங்கே பேசப்படுவது இதயத் தமனி அடைபட்டு வரும் மாரடைப்பு மட்டுமே. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களின் திடீர் மரணங்களில் பெரும்பங்கு இதற்கே உரியது.

பெயரில்லாக் கடிதம்

1768இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நடக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்து, நின்றால் விட்டுவிடும் ஒரு வலியைப் பற்றி அரச மருத்துவக் கல்லூரியில் உரையாற்றினார். இந்த வலி இல்லாத நேரங்களில் நோயாளிகள் முழு ஆரோக்கியத்தோடு இருப்பதை அவர் கவனித்திருந்தார். வலி எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. 1772இல் உரை அச்சானது. அதைப் படித்த ஒருவர் பெயரைக் குறிப்பிடாமல் ஹெபர்டனுக்குக் கடிதம் எழுதினார்: தமக்கும் அதே வலி உண்டு, தாம் திடீரென்று இறந்தால் உடலைத் திறந்து காரணத்தைப் பார்க்கலாம். சில வாரங்களிலேயே அவர் இறந்தும் போனார். உடலை அறுத்துப் பார்த்தவர் அக்காலத்தின் தலைசிறந்த அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர். உடனிருந்த மாணவர் எட்வர்ட் ஜென்னர், பின்னாளில் பெரியம்மைத் தடுப்பூசி கண்டவர். இதயத்தில் குறிப்பிடும்படி எதையும் அவர்கள் காணவில்லை. இதயத்துக்கே இரத்தம் தரும் தமனிகளைத் திறந்து பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, இதே வலியோடு இறந்த வேறொருவரின் இதயத்தை ஜென்னர் குறுக்காக வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தி நெறுநெறுவென்று எதிலோ உரசியது. கட்டடம் பழையது, மேற்கூரைக் காரை உதிர்ந்து விழுந்துவிட்டதோ என்று அண்ணாந்து பார்த்தாராம். காரை அல்ல. இதயத் தமனிகள் எலும்புக் குழாய்களாக இறுகிப்போயிருந்தன. காரணம் கிடைத்துவிட்டது, ஆனால் ஜென்னர் அதை வெளியே சொல்லவில்லை. ஏனென்றால் ஆசிரியர் ஹன்டருக்கே அந்த வலி வரத் தொடங்கியிருந்தது. 1793 அக்டோபரில், தம் மருத்துவமனை நிர்வாகக் கூட்டத்தில் காரசாரமான வாக்குவாதத்தின் நடுவே எழுந்து வெளியேறிய ஹன்டர் அங்கேயே விழுந்து இறந்தார். அவருடைய தமனிகளும் இறுகித்தான் இருந்தன. ஆசிரியர் மீதான பரிவால் அறிவியல் உண்மை ஒன்று கிடப்பில் கிடந்த நிகழ்வு மருத்துவ வரலாற்றில் அரிது.

அதற்குப் பின் நீண்ட மந்தம். 1844இல் டென்மார்க்கின் புகழ்பெற்ற சிற்பி தோர்வால்ட்சன் கோபன்ஹேகன் நாடக அரங்கில் அமர்ந்தபடியே இறந்தார். அவருடைய தமனிச் சுவரில் சேர்ந்திருந்த படிவு ஒன்று உடைந்து உள்ளிருந்தது வெளியே கொட்டியிருந்ததைப் பிரேதப் பரிசோதனை செய்தவர்கள் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்பின் மதிப்பு புரிய நூற்று நாற்பது ஆண்டு ஆயிற்று.

உணவுக்குப் பின் வந்த வலி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்களின் பொதுவான எண்ணம், இதயத் தமனி முற்றாக அடைபட்டால் ஆள் அந்தக் கணமே இறந்துவிடுவார் என்பது. 1910 வாக்கில் கீவ் நகரின் ஒப்ராஸ்த்சோவ், ஸ்த்ராஷெஸ்கோ ஆகியோரும், 1912இல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக்கும் இதை மறுத்தனர். ஹெரிக் விவரித்த முதன்மை நோயாளி 55 வயதுக்காரர். ஆரோக்கியமானவர் என்றே எல்லோரும் நம்பியிருந்தவர். ஓரளவு வயிறாரச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மார்புக்குக் கீழே கடும் வலி. வயிற்றுக் கோளாறு என்று முதலில் நினைத்தார்கள் (நம் ஊரில் இன்றும் ‘கேஸ்’ என்று சோடா வாங்கிக் குடிப்பவர்கள் உண்டல்லவா?). 52 மணி நேரம் உயிரோடிருந்தார். பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது, தமனியில் இரத்த உறைகட்டி. மாரடைப்பு உயிரோடிருப்பவரிடமே கண்டறியக்கூடிய நோய் என்பது இப்படி உறுதிப்பட்டது. ஹெரிக்கின் கட்டுரையை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை; இ.சி.ஜி. கருவி பரவலான பிறகே அதற்கு உரிய இடம் கிடைத்தது.

‘ஆரோக்கியமானவர்’ என்ற நம்பிக்கைக்கு முதல் பெரிய அடி போர்க்களத்திலிருந்து வந்தது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை ஈனோஸ், ஹோம்ஸ், பேயர் ஆகிய மூவரும் ஆராய்ந்து 1953இல் வெளியிட்டனர். சராசரி வயது 22.1. படைக்கான உடற்தகுதித் தேர்வில் தேறியவர்கள், குண்டடிபட்டு இறந்தவர்கள். அவர்களில் 77.3 சதவீதத்தினரின் தமனிகளில் நோயின் தடயம் இருந்தது, சிலருக்கு வெறும் கோடுகளாக, சிலருக்குப் பெரும் அடைப்பாக. இந்நோய் மருத்துவரிடம் வருவதற்கு இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பே உடலில் குடியேறிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்று இல்லை.

அதே காலத்தில் 1948இல் தொடங்கிய ஃபிரேமிங்காம் ஆய்வு இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை ஆகியவற்றை ஆபத்துக் காரணிகளாக நிறுவியது. அது பலரும் அறிந்த கதை.

நிழற்படம் தந்த நம்பிக்கை

1958 அக்டோபரில் கிளீவ்லாந்து மருத்துவமனையில் மேசன் சோன்ஸ் நோயாளி ஒருவரின் பெருந்தமனிக்குள் செலுத்த முனைந்த சாயம் தவறுதலாக வலது இதயத் தமனிக்குள் புகுந்துவிட்டது. இதயம் சில நொடி தடுமாறியது, நோயாளி பிழைத்தார், தமனியின் படம் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. ஆஞ்சியோகிராம் பிறந்த கதை இது. உயிரோடிருப்பவரின் அடைப்பைக் கண்ணால் பார்க்கவும், ‘இத்தனை சதவீதம்’ என்று சொல்லவும் முடிந்தது. 1967இல் ஃபவலோரோவின் பைபாஸ், 1977இல் சூரிச்சில் கிரன்ட்சிக்கின் பலூன் சிகிச்சை. பார்த்ததைச் சரிசெய்யவும் வழி பிறந்துவிட்டதால், குழாய் மெல்ல மெல்லக் குறுகி ஒருநாள் மூடிக்கொள்கிறது என்ற சித்திரம் எல்லோர் மனத்திலும் வேரூன்றியது.

ஜிம் ஃபிக்ஸின் மரணம் அந்தச் சித்திரத்தை இன்னும் அழுத்தமாக்கியது. 1977இல் ஓட்டப் பயிற்சி பற்றி அவர் எழுதிய நூல் அமெரிக்காவையே சாலையில் ஓடவைத்தது. மாரத்தான் ஓடுபவருக்கு இதயத் தமனி நோய் வராது என்று கலிஃபோர்னிய மருத்துவர் தாமஸ் பாஸ்லர் வாதாடிய காலம் அது. தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் 1979இலேயே மறுப்புச் சான்றுகளை வெளியிட்டும் கேட்பாரில்லை. 1984 ஜூலை 20 அன்று வெர்மாண்ட் மாநிலச் சாலையொன்றில் ஓடும்போது ஃபிக்ஸ் விழுந்து இறந்தார். வயது 52. ஒரு தமனி ஏறக்குறைய முழுவதும் அடைபட்டிருந்தது. மற்றவையும் வெகுவாகக் குறுகியிருந்தன. அவருடைய தந்தை 43 வயதில் இதயநோயால் இறந்தவர். ஃபிக்ஸும் முப்பத்தைந்து வயதுவரை புகைபிடித்தவர், உடல் பருத்தவர். பரிசோதித்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற முடிவுக்கு எல்லோரும் வந்தார்கள். அவர் விஷயத்தில் அது சரிதான். எல்லோருக்கும் அதைப் பொருத்தியதில்தான் பிசகு நேர்ந்தது.

வெடிப்பு

அந்தப் பத்தாண்டிலேயே சித்திரம் மாறியது. உறைகட்டி மாரடைப்புக்குக் காரணமா, இதயத் தசை செத்த பிறகு உண்டாகும் விளைவா என்ற பழைய சண்டையை 1980இல் மார்கஸ் டிவுட் முடித்துவைத்தார்: வலி தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் படமெடுக்கப்பட்டவர்களில் 87 சதவீதத்தினருக்குத் தமனி முற்றாக மூடியிருந்தது. 1984இல் லண்டன் நோயியலர் மைக்கேல் டேவிஸ், திடீரென இறந்த 100 பேரின் தமனிகளை நுணுக்கமாகச் சீவிப் பார்த்தார். 95 பேருக்குப் புதிய காயம் இருந்தது: படிவில் விரிசல், அல்லது அதன்மேல் உறைகட்டி.

படிவின் உட்பகுதி கொழகொழப்பான கொழுப்பு. மேலே பாலாடை போல் ஒரு நார்த்திசு மூடி. உடைந்த படிவுகளில் அந்த மூடி பெரும்பாலும் 65 மைக்ரானுக்கும் குறைவான தடிமனே கொண்டது. அழற்சி அணுக்கள் அதை உள்ளிருந்து அரிக்கின்றன. மூடி கிழிந்தால், உள்ளிருக்கும் கொழுப்பில் இரத்தம் படுகிறது. படும் இடத்தில் நிமிடங்களில் உறைகிறது. நேற்றுவரை தாராளமாக ஓடிய பாதை மூடிக்கொள்கிறது. இளம் பெண்களிடமும் புகைபிடிப்பவர்களிடமும் மூடி கிழியாமலே, மேற்பரப்பு உரிந்து உறைகட்டி வருவதுண்டு என்பதை 1990களில் ரேணு விர்மானியின் குழு காட்டியது.

இரண்டு ஆய்வுகள் சதவீதக் கணக்கின் அடித்தளத்தையே ஆட்டின. 1987இல் சீமோர் கிளாகோவ், படிவு வளரும்போது தமனி வெளிப்புறமாக விரிந்து இடம்கொடுக்கிறது என்று காட்டினார். படிவு தமனியின் குறுக்குவெட்டுப் பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதத்தைப் பிடிக்கும்வரை உள்வழி குறுகுவதே இல்லை. ஆஞ்சியோகிராம் காட்டுவது உள்வழியை மட்டும், சுவரை அல்ல. மறு ஆண்டு வில்லியம் லிட்டில், மாரடைப்புக்கு முன்பே ஏதோ காரணத்தால் ஆஞ்சியோகிராம் செய்துகொண்டிருந்தவர்களின் பழைய படங்களைத் தேடி எடுத்தார். பின்னாளில் மூடிக்கொண்ட 29 தமனிகளில் 19, முந்தைய படத்தில் 50 சதவீதத்துக்கும் குறைவாகவே அடைபட்டிருந்தன. அப்படிப்பட்டவருக்கு நெஞ்சுவலி இராது, டிரெட்மில்லில் பத்து நிமிடம் ஓடி முடித்துவிடுவார், ‘நார்மல்’ என்ற சான்றோடு வீட்டுக்குப் போவார். என் பார்வையில், துக்க வீட்டின் முதல் பேச்சுக்கு நேர் விடை தந்த ஆய்வு இதுவே. 2007இல் வெளியான ‘கரேஜ்’ ஆய்வு அதன் நடைமுறை விளைவைச் சொன்னது: நிலையான நெஞ்சுவலி உள்ள 2,287 பேரில், மருந்தோடு ஸ்டென்டும் (தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தவர்களுக்கு, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட மரணமோ மாரடைப்போ குறையவில்லை. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிர்காக்கும்; வரப்போவதைத் தடுக்கும் வேலியாக அதை எண்ணுவதற்கே இந்த ஆய்வில் சான்றில்லை.

உடற்பயிற்சியின் இடமும் தெளிந்தது. கடும் உழைப்புக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் கூடுவது உண்மை. ஆனால் 1993இல் முரே மிட்டில்மேன் கணக்கிட்டபடி அந்தக் கூடுதல் அபாயம், அசையாமல் இருப்பவருக்கு 107 மடங்கு, வாரம் ஐந்து நாளோ மேலோ பயிற்சி செய்பவருக்கு 2.4 மடங்கு. உடற்பயிற்சி மூடியை உறுதிப்படுத்தும். ஏற்கெனவே அரிக்கப்பட்ட மூடியை ஒருநாள் கிழிக்கவும் செய்யும்.

தெற்காசிய உடல்

1959இல் டி. ஜே. தனராஜ் குழுவினர் சிங்கப்பூர்ப் பிரேதப் பரிசோதனைப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, சீனர்களைவிட இந்தியர்களிடம் இதயத் தமனி நோய் பல மடங்கு மிகுந்திருந்தது. 1967இல் எஸ். எல். மல்ஹோத்ரா இந்திய ரயில்வே ஊழியர்களின் இறப்புகளை ஒப்பிட்டார். தென்னிந்தியர்களிடம் இந்நோய் பஞ்சாபியரைவிட ஏழு மடங்கு. நெய்யும் வெண்ணெயுமாகச் சாப்பிட்டவர்களோ பஞ்சாபியர்! ‘கொழுப்பைத் தின்றால் அடைப்பு’ என்ற எளிய சூத்திரம் இங்கே செல்லவில்லை.

ஒரு பகுதி விளக்கம் 2004இல் லான்செட் இதழில் வந்த சிறு குறிப்பில் இருக்கிறது. புணேயின் சி. எஸ். யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின் ஆகிய இரு ஆய்வாளர்களுக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே: 22.3. உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியான தோற்றம் இங்கே நம்பத்தக்க சாட்சி அல்ல. 2007இல் வந்த ‘இன்டர்ஹார்ட்’ பகுப்பாய்வின்படி முதல் மாரடைப்பு தெற்காசியருக்கு 53 வயதில், மற்றவருக்கு 59இல்.

2021இல் நடிகர் விவேக், கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் ஆகியோரின் மரணங்களுக்குப் பிறகு பழி கோவிட் தடுப்பூசியின் மேலும் ஜிம்மின் மேலும் விழுந்தது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், 47 மருத்துவமனைகளின் வழியே 18 முதல் 45 வயது வரையிலான 729 திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. தடுப்பூசி அபாயத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை: கோவிட்டுக்காக மருத்துவமனையில் தங்கியது, குடும்பத்தில் திடீர் மரணம், இறப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிய குடி, அதே நேரத்தில் கடும் உடலுழைப்பு.

புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதுவுமே இல்லாமல் மாரடைப்பு வந்தவர்களின் கதி என்ன? 2021இல் ஆஸ்திரேலியாவின் ஜெம்மா ஃபிக்ட்ரீ, ஸ்வீடன் நாட்டுப் பதிவேட்டிலிருந்து 62,048 தீவிர மாரடைப்பு நோயாளிகளை எடுத்துக்கொண்டார். 14.9 சதவீதத்தினர் இந்த நான்கும் இல்லாதவர்கள். முப்பது நாளுக்குள் அவர்களில் 11.3 சதவீதத்தினர் இறந்தனர்; காரணிகள் உள்ளவர்களில் 7.9. காரணிகள் இல்லாத பெண்களை மட்டும் எடுத்தால் 17.6. வீட்டுக்கு அனுப்பும்போது வழிகாட்டு நெறிப்படி எழுதவேண்டிய மருந்துகள் அவர்களுக்குக் குறைவாகவே எழுதப்பட்டிருந்தன; அந்த வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்ததும் இறப்பு விகித இடைவெளி சுருங்கியது.