விழுப்புண்ணும் உதிரப்பட்டியும்: புண்பட்ட வீரரையும் அவர்தம் குடியையும் பேணிய மரபு

ஆய்வுச் சுருக்கம்

போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் எடுத்த மரபு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. புண்பட்டும் சாகாது மீண்ட வீரனைப் பேணியவர் யாவர் என்னும் வினா அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. தொல்காப்பியம், சங்க இலக்கியம், சிலப்பதிகாரம், நடுகற்கள், இடைக்காலக் கல்வெட்டுகள் ஆகியவற்றின் துணைகொண்டு அவ்வினாவை இக்கட்டுரை அணுகுகிறது. பேணுதலின் சுமை பெரும்பாலும் மனையோர் தலையிலேயே விழுந்தது என்பதும், அரசின் கொடை உயிர் நீத்தவனின் வழித்தோன்றலை நோக்கியதாகவே நிலைபெற்றது என்பதும் இதன் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: விழுப்புண், காஞ்சித்திணை, தொடாக்காஞ்சி, நடுகல், உதிரப்பட்டி, ஆதுலசாலை.

முன்னுரை

தமிழரின் வீரநிலைக் காலம் பற்றிய ஆய்வுகள் சாவை மையமாகக் கொண்டவை. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட நூல் முதலாக இத்துறையில் எழுந்த பல ஆய்வுகள், வீரன் எவ்வாறு மாண்டான், மாண்டபின் எவ்வாறு நினைக்கப்பட்டான் என்பவற்றையே மிகுதியும் பேசின. இதற்குச் சான்றுகளின் இயல்பும் ஒரு காரணம். தொல்காப்பியர் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளை வகுக்கிறார். புண்பட்டு உயிரோடிருப்பவனுக்கு அவ்வாறு வரிசைப்படுத்திய சடங்கு நிரல் இல்லை. ஆனால் அவன் இலக்கணத்தில் இடம்பெறாதவனும் அல்லன். காஞ்சித்திணையின் துறைகளுள் சில அவனுக்கு உரியவை. அத்துறைகளிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

சுற்றம் இல்லாதவனும் மனைவி உள்ளவனும்

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையில் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. காக்கும் சுற்றத்தார் ஒருவரும் இன்றிக் களத்தில் கிடக்கும் புண்ணோனைப் பேய் காத்து நிற்பது ஒன்று. புண்ணுற்ற கணவனைப் பேய் நெருங்காதபடி மனைவி காப்பது மற்றொன்று. பின்னது தொடாக்காஞ்சி எனப் பெயர்பெற்றது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை பேய்க்காஞ்சி, தொட்ட காஞ்சி, தொடாக்காஞ்சி என இதனை மேலும் விரித்தது.

பேயைப் பற்றிய நம்பிக்கையாக மட்டும் இத்துறைகளைப் படிப்பது வழக்கம். எனக்கு இவ்விலக்கணத்தில் முதன்மையாகப் படுவது சுற்றம் உண்டா இல்லையா என்னும் பாகுபாடே. பேயின் செயலைக் குறிக்கத் தொல்காப்பியர் ஆளும் சொல் ‘ஓம்புதல்’. விருந்தோம்பலுக்கும் குடியோம்பலுக்கும் உரிய அதே சொல். பேணுவார் இல்லாத வீரனை ஓம்புவதற்குப் பேய்தான் எஞ்சியது என்னும் கசப்பு அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. புண்பட்டவன் பிழைப்பதும் அழிவதும் அவனுக்கு ஒரு மனை இருப்பதைப் பொறுத்தது என்ற சமூக உண்மையை இலக்கணம் துறையாக வகுத்துக்கொண்டது என்று கொள்ள இடமுண்டு.

மனையே மருத்துவச்சாலை

அம்மனையின் உட்புறத்தைக் காட்டுவன புறநானூற்றின் 281, 296ஆம் பாடல்கள். அரிசில்கிழார் பாடிய 281இல் புண்பட்டவனின் மனைவி தன் தோழியை அழைக்கிறாள். இரவமரத்தின் தழையையும் வேப்பந்தழையையும் வீட்டில் செருகுவது, யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கச் செய்வது, மையைப் பூசுவது, ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகைத் தூவுவது, ஆம்பற்குழல் ஊதுவது, மணியடிப்பது, காஞ்சிப்பண் பாடுவது, நறும்புகை எழுப்புவது எனச் செய்ய வேண்டிய பணிகளை அவள் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். வெள்ளைமாளர் பாடிய 296ஆம் பாடலில் இது ஒரு வீட்டின் செய்தியாக நில்லாமல் ஊரின் செய்தியாகிறது. வேம்பின் கிளையை ஒடிப்போரும், காஞ்சி பாடுவோரும், நெய் பூசிய கையராய் ஐயவி புகைப்போருமாக எல்லா வீடுகளும் ஆரவாரமுற்றிருக்கின்றன. ஒருவன் மட்டும் இன்னும் திரும்பவில்லை. ஒரு போர் முடிந்த நாளில் ஊரில் எத்தனை வீடுகள் நோயாளர் வீடுகளாக மாறின என்பதை இத்தனை சுருக்கமாகச் சொல்லும் வேறொரு சான்று தமிழில் அரிது.

இச்செயல்களை அணங்கு என்னும் கொடிய ஆற்றலைக் கட்டுப்படுத்தும் சடங்குகளாக ஜார்ஜ் ஹார்ட் விளக்கினார். மறுமுனையில், வேம்பின் கிருமிநீக்கும் பண்பைச் சுட்டி, இவை இற்றைநாள் அறுவை மருத்துவத்தின் முன்வடிவங்கள் என்று பெருமிதத்துடன் எழுதுவோரும் உளர். இவ்விரு விளக்கங்களுக்கும் இடையில் வைத்து எண்ணவேண்டிய சான்று ஒன்று உண்டு. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் 19ஆம் இயல், புண்பட்டவன் தங்கும் மனையைப் பற்றியது. கடுகு, வேப்பிலை, நெய், உப்பு ஆகியவற்றைக் கொண்டு நாளும் இருவேளை பத்து நாள் புகையிட வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. இன்சொல் பேசும் நண்பர் அருகிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அங்கும் காரணமாகச் சொல்லப்படுவது அரக்கர் முதலியோர் அணுகாமைக் காவலே. வடமொழி மருத்துவ நூல் விதியாகச் சொல்வதும் வெள்ளைமாளர் ஊர்வழக்காகக் காட்டுவதும் இத்துணை நெருங்கியிருக்கும்போது, எது எதனிடம் கடன்கொண்டது என்று வழக்காடுவதில் பயனில்லை. சடங்கும் மருத்துவமும் அக்காலத்தார்க்கு இருவேறு துறைகள் அல்ல என்பதே இவ்வொப்பீடு தரும் தெளிவு.

அறுவை முறைகள் பற்றிய குறிப்புகளும் ஆங்காங்கே உள்ளன. பதிற்றுப்பத்து 42இல் பரணர், செங்குட்டுவனின் வீரர் மார்பில் உள்ள தழும்புகளைப் பாடுமிடத்து, மீனுக்காகக் குளத்தில் மூழ்கி எழும் சிரல் பறவையை, புண்ணைத் தைக்கையில் குருதியில் மறைந்து வெளிப்படும் நெடிய வெள்ளூசிக்கு உவமையாக்குகிறார். தையலை அருகிருந்து கண்ட ஒருவருக்கே தோன்றக்கூடிய உவமை இது. புறநானூறு 353இல் மகட்கொடை மறுக்கும் தமையன்மார், புண்ணில் வைத்த பஞ்சியை இன்னும் களையாதவராகக் காட்சி தருகின்றனர்.

பாசறையில் அரசன்

மனையில் பெண்டிர் செய்த பணியோடு ஒப்பிட, அரசன் செய்ததாக இலக்கியம் காட்டுவது யாது? நக்கீரரின் நெடுநல்வாடை இதற்குச் சிறந்த விடை. வாடைக்காற்று வீசும் மழை நள்ளிரவு. வேம்பின் தழை கட்டிய வேலை ஏந்திய படைத்தலைவன் முன்னே சென்று, புண்பட்ட வீரரை முறைமுறையாகக் காட்டுகிறான். காற்றில் பாண்டில் விளக்கின் சுடர் அசைய, சேணம் களையாத குதிரைகள் தம்மேல் விழும் துளிகளை உதறும் சேற்றுத் தெருவில் அரசன் நடக்கிறான். நழுவும் மேலாடையை இடக்கையால் தழுவிக்கொண்டு, வாள் தாங்கிய இளைஞன் ஒருவனின் தோளில் மறுகையை வைத்தவனாய், முகமலர்ச்சியோடு அவன் வீரரைக் காண்கிறான். அரண்மனையின் கட்டிலுக்கும் அரசியின் துயருக்கும் அத்தனை அடிகளைச் செலவிட்ட புலவர், பாட்டை முடிக்கத் தேர்ந்தது இக்காட்சியை. வேப்பந்தழை பாண்டியனின் அடையாளம் என்பது உரைமரபு. அதுபற்றியே இப்பாட்டு அகமா புறமா என்னும் விவாதமும் எழுந்தது. புண்ணோர் மனையில் செருகப்பட்டதும் அதே வேம்பு என்பதை அவ்விவாதத்தில் ஈடுபட்டோர் பெரிதாகக் கருதவில்லை.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டிலும் அரசன் உறங்காது கிடக்கிறான். உணவுக் கடனைத் தீர்த்து மாண்ட வீரரை நினைக்கிறான்; வாட்புண் பட்ட யானையையும் அம்பு தைத்து உண்ணாமல் வாடும் குதிரையையும் எண்ணுகிறான். இவ்விரு பாட்டுகளிலும் அரசன் காண்கிறான், நினைக்கிறான், முகமலர்கிறான். அதற்குமேல் அவன் செய்ததாக ஒன்றும் கூறப்படவில்லை. தலைவன் நேரில் வந்து பார்ப்பதற்குப் படைவீரர் தரும் மதிப்பு சிறிதன்று என்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொடுத்தது என்ன என்பதைச் சிலப்பதிகாரம் கூறும். நீர்ப்படைக் காதையில் கங்கைக்கரைப் பாசறையில் அமர்ந்த செங்குட்டுவன் பொன்னால் செய்த வாகைப்பூவை வழங்குகிறான். பெறுவோர் நிரலில் வென்று மீண்டோர் மட்டும் இல்லை. தம் மனைவியரும் உடன்மடிய மடிந்தோரின் மைந்தர் அதில் உள்ளனர். கவசம் சிதைந்து மார்பில் ஆழ்ந்த புண்பட்டு வந்தோரும் உள்ளனர். வழங்கி முடிக்க நாளோலக்கப் பொழுது போதவில்லை. தாயும் தந்தையும் இழந்த மகனையும் புண்பட்டு வந்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்தி அரசன் மதிப்பதாகப் பாடிய இப்பகுதி, வீரனின் குடியும் கொடைக்கு உரியது என்னும் எண்ணம் வேரூன்றியிருந்ததற்குச் சான்று. அவ்வெண்ணத்தின் பழைய வடிவம் புறநானூறு 290. இவனுக்குக் கள்ளை முதலில் கொடுத்துப் பின் நீ உண்க என்று ஒளவையார் தலைவனிடம் சொல்கிறார். இவன் பாட்டன் உன் பாட்டனுக்காகத் தன் உடலில் வேல்களை ஏற்று, ஆரக்கால்கள் செறிந்த குடம்போல் நின்று மாண்டான் என்பது அவர் காட்டும் காரணம். மூன்று தலைமுறை கடந்தும் அக்கடன் தீரவில்லை.

தோயன்மாறனின் கொல்லன்

புண் ஆறியபின் வீரன் எவ்வாறு வாழ்ந்தான்? இதற்கு நேர்விடை தருவது புறநானூறு 180. கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார், ஈர்ந்தூர் கிழான் தோயன்மாறனைப் பாடியது. இதனைக் கொடைச் சிறப்புப் பாட்டாகவே பலரும் எடுத்தாள்வர். பாடத்திட்டங்களிலும் அவ்வாறே இடம்பெறும். ஆயினும் அதன் உள்ளே ஒரு முன்னாள் வீரனின் பொருளியல் நிலை கிடக்கிறது.

தோயன்மாறன் தன் அரசனுக்கு நேர இருந்த இடுக்கணைத் தான் தாங்கியவன். இரும்பு அவன் உடலைச் சுவைத்தது. புண்கள் ஆறின, ஆனால் மருந்துக்காக வெட்டி வெட்டி எடுக்கப்பட்ட மரம்போல அவன் உடல் தழும்பேறிக் கிடக்கிறது. கேட்போர்க்கெல்லாம் குறையாது கொடுக்கும் செல்வம் அவனிடம் இல்லை. இல்லை என்று மறுக்கும் சிறுமையும் இல்லை. இரவலர் வந்து பசித்த வயிற்றைக் காட்டினால், அவன் தன் ஊர்க் கொல்லனிடம் சென்று வேலை வடித்துத் தரும்படி கேட்கிறான். கொடுப்பதற்குப் பொருள் வேண்டுமாயின் மீண்டும் போருக்குப் போகவேண்டும்.

புலவர் இதனைப் புகழாகப் பாடினார் என்பதில் ஐயமில்லை. எனினும் அரசனின் துன்பத்தைத் தாங்கியவனுக்கு அரசனிடமிருந்து வந்து சேர்ந்தது என்று பாட்டில் ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரிசில்கிழாரின் பாட்டிலும் மனைவி தன் கணவனை வேந்தனுக்கு உற்ற துன்பத்தைத் தாங்கியவன் என்றே குறிக்கிறாள். இரண்டு பாட்டுகளிலும் புண் என்பது இன்னொருவர்க்கு உரிய துயரைத் தன்மேல் ஏற்றதன் அடையாளம். ஒன்றில் அதனை ஆற்றும் பொறுப்பு மனைவியுடையது. மற்றதில் ஆறியபின் பிழைக்கும் வழி கொல்லனின் உலைக்களத்தில் இருக்கிறது.

கல்லும் நிலமும்

நடுகற்களுக்கு வரும்போது உயிரோடிருப்பவன் அநேகமாக மறைந்துவிடுகிறான். ‘பட்டான் கல்’ என்னும் வாய்பாடே அவனை விலக்கிவிடுகிறது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காத்து மாண்ட வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயும் அதில் பெயரோடும் உருவத்தோடும் இடம்பெற்றுள்ளது. அன்று அவ்வூரில் காயத்தோடு பிழைத்த மனிதர் எவரேனும் இருந்திருப்பின் அவருக்குக் கல்லில் இடமில்லை.

குடிக்கான கொடை நிலமாக வந்தது. நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி, இரத்தக்காணிக்கை என்று கல்வெட்டுகள் இதனைப் பெயரிடுகின்றன. நெய்த்தோர் என்பது குருதியைக் குறிக்கும் பழஞ்சொல். கன்னட நாட்டில் இதற்கு இணையான கொடை ‘நெத்தரு கொடகெ’ எனப்பட்டது. அரசன், சிற்றரசன், ஊரவை எனக் கொடுப்போர் வேறுபட்டாலும் பெறுவோர் பெரும்பாலும் மாண்டவனின் மகனோ உறவினரோ ஆவர். பொன்வாகைபோல் ஒருநாள் சிறப்பாக நில்லாமல், ஆண்டுதோறும் விளையும் உரிமையாக இது அமைந்தமை பெரிய மாற்றம். ஒளவையார் வாய்மொழியாக நினைவூட்ட வேண்டியிருந்த கடனைக் கல்வெட்டு எழுத்தில் நிறுத்தியது. ஆனால் அவ்வுரிமையின் திறவுகோல் சாவு. கையிழந்தவனும் காலிழந்தவனும் தம் குடிக்கு அதனை எளிதில் பெற்றுத்தந்திருக்க இயலாது.

இவ்விடைவெளியை நிரப்பச் சோழர்கால ஆதுலசாலைகளைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அவற்றுள் மிக விரிவான செய்தி தருவது வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு. வீரசோழன் என்னும் பெயரால் அமைந்த அச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், பணிவிடை செய்யும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர் ஆகியோர்க்கு ஊதியம் வகுக்கப்பட்டது. ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் இத்துணை ஒழுங்கான ஏற்பாடு வியப்புக்குரியது. ஆனால் அது படைவீரர்க்கு உரியதன்று. அங்கே பயின்ற மாணவரும் கோயிற்பணியாளரும் அதன் பயனாளர். படையெடுப்புகளை மெய்க்கீர்த்தியில் அடுக்கிச் சொல்லும் அரசனின் கல்வெட்டிலேயே சல்லியக்கிரியை செய்பவனும் இருக்கிறான். அவன் கத்தி களத்திலிருந்து மீண்டவனுக்கு என ஒதுக்கப்படவில்லை. அவனுக்கு வேம்பும் ஐயவியும் நெய் பூசிய கைகளும் இருந்த வீடுதான் அப்போதும் இருந்திருக்கும்.